நெசவுக்காரர் கட்டிய பூ

"இழுத்துப் புடி கண்ணு, தொய்ய உடாத."

வாழை நாரின் ஒரு நுனி என் கையில் இருக்கும். மறு நுனி அப்பாவின் கால் கட்டைவிரலில். நடுவில் நகத்தால் கீறி, இரண்டாக வகிர்ந்துகொண்டே வருவார். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்குக் கொடுக்கிற விறைப்பை நாருக்கும் கொடுத்தால் அது தாங்குமா? பட்டென்று அறுந்துவிடும். உடனே என்னைப் பார்ப்பார். "உனக்குப் புடிக்கத் தெரியலை" என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுப்பார். நாங்கள் இருவரும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை இதுதான்.

ராசிபுரத்தில் நாச்சிமுத்து முதலியார் என்றால் தறிக்காரர்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அப்பா குள்ளமான ஆள். தறிக்குழியில் ஆயுள் முழுக்க மிதித்த கால் தெருவில் நடக்கும்போதும் மிதிப்பதுபோலவே விழும். புது நூல் வந்தால் முதலில் மோந்து பார்ப்பார். விலை கேட்பது அப்புறம்தான்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். எனக்குத் தலை வாரியது, பின்னியது, பூக் கட்டியது எல்லாம் அப்பாதான். பூவை நாரில் கட்டமாட்டார். பாவு முடிந்து அறுத்தெடுக்கும் துண்டு நூலில்தான் கட்டுவார். யுத்தம் வந்து, நூல் கிடைக்காமல் தெருவில் பாதித் தறிகள் நின்றன. அப்போதும் என் பூவுக்கென்று ஒரு பொட்டலம் நூல் உறியில் தொங்கியது. அறுந்த இழையைப் பிணைக்கும் முடிச்சையே பூவுக்கும் போடுவார். அது அவிழாது. சாயங்காலம் கத்தரிக்கோல் வைத்துத்தான் தலையிலிருந்து எடுக்கவேண்டும். ஆனால் பூ மதியத்தைத் தாண்டாது. ரத்தக்குழாயை இறுக்கிக் கட்டினால் கட்டுக்கு அந்தப் பக்கம் நிறம் மாறும் அல்லவா, அதுபோல முடிச்சுக்கு மேலே இதழ் பழுப்பாகிவிடும். ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "மல்லி மட்டம்" என்று பூக்காரியைத் திட்டினார்.

அவருக்குப் பொறாமை உண்டு. யார்மேல் என்று கணக்கில்லை. சேலம் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ் வேலைக்குப் படித்துச் சேர்ந்ததும் முதல் பொறாமை என் வெள்ளைத் தொப்பிமேல். "பூ வெக்கற எடத்துல துணிய மடிச்சு வெச்சிருக்கறாங்க. அது மணக்குதா?" லீவில் வந்து பிரசவ வார்டுக் குழந்தைகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசினால் எழுந்து தறிக்குப் போய்விடுவார். அன்று மிதிச் சத்தம் பலமாகக் கேட்கும். டாக்டரம்மா என்னை நன்றாக நடத்துகிறார் என்று சொன்னபோது கேட்டார்: "சோறு போடறாங்களா?"

"போடறாங்கப்பா."

"ரசம் நம்மூட்டு ரசமாட்டம் இருக்குதா?"

"இல்லீங்கப்பா."

அதன் பிறகுதான் டாக்டரம்மா நல்லவர் என்று ஒப்புக்கொண்டார்.

மாப்பிள்ளையைத் தேடியவரும் அவரேதான். மேட்டூரில் மின்சாரக் கம்பி வேலை, பெயர் சென்னிமலை. நாலு இடத்தில் விசாரித்து, சந்தோஷமாகத் தட்டு மாற்றினார். மறுநாளிலிருந்து பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார். "கரண்டுக்காரன்" என்பார். நான் மேட்டூருக்குப் போய்விடுவேன் என்பது அவருக்குத் தட்டு மாற்றிய பிறகுதான் உறைத்தது என்று நினைக்கிறேன்.

பங்குனியில் நான் லீவில் இருந்தபோது கரண்டுக்காரர் வந்தார். "கலியாண மாலைக்குச் சொல்லோணுமுங்க மாமா. பூந்தோட்டம் பக்கத்துலதான். அவங்களுக்குப் புடிச்ச பூவா அவங்களே பாத்துச் சொல்லட்டும். சித்த நேரம் காத்தாட இருந்துட்டு வந்தர்றோமுங்க."

"போயிட்டு வாங்க" என்றார் அப்பா. வண்டி பூட்டியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தார்.

வழியில் மாப்பிள்ளை என்னைக் கேட்டார்: "மரிக்கொழுந்து புடிக்குமுங்களா?"

"புடிக்காது. தலவலி வரும்" என்றார் அப்பா.

எனக்கு மரிக்கொழுந்தால் தலைவலி வந்ததே இல்லை.

தோட்டம் பூவாத்தாள் என்ற அம்மாளுடையது. மல்லிகைப் பாத்திகளில் அந்தப் பருவத்தின் முதல் மொட்டு. கிணற்றோரம் வேப்பம்பூ உதிர்ந்து மண் தெரியவில்லை. மாலைக்குச் சொல்லி முடித்து, வாய்க்கால் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்தோம். அங்கேயும் அப்பா நடுவில் வந்து காலை விட்டார். பூவாத்தாள் மொட்டுக் கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தாள்: "ஏனுங்க மொதலியாரே, மாலை மாத்தறப்பவும் இப்பிடித்தான் நடுவுல நிப்பீங்களாட்டம்?"

மாப்பிள்ளை நார் வாங்கி, ஒரு சாண் பூக் கட்டினார். அவருக்குக் கட்டத் தெரியவில்லை. ஆனால் அக்கறையாகக் கட்டினார். என்னிடம் நீட்டினார். அப்பாவின் கை முந்திக்கொண்டது. இரண்டு முனையையும் பிடித்து, நூலைச் சோதிப்பதுபோல் ஒரு சுண்டு. மொட்டுகள் சிதறி வாய்க்காலில் விழுந்தன.

"பாத்தியா? இவன் கையில என்ற புள்ளயக் குடுத்தா இந்தக் கதிதான்."

கல்யாணம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். மிதந்துபோன மொட்டுகளைப் பொறுக்கினார்.

"அவுந்தா மறுக்காக் கட்டிக்கலாமுங்க மாமா. இறுக்குனா மொட்டு விரியாதுங்களே."

"தம்பி சொல்றது நெசந்தான்" என்ற பூவாத்தாள் என் தலையைத் திருப்பி அப்பாவுக்குக் காட்டினாள். "இது உங்க கட்டுத்தான? கழுத்த நெரிச்சு வெச்சிருக்கறீங்க. பாவம், மூச்சு உடமாட்டாம கெடக்குது."

அப்பா குனிந்து பார்த்தார். பழுத்த இதழ் ஒன்றை விரலால் தொட்டார். பிறகு எழுந்து கிணற்று மேட்டுக்குப் போய், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். அந்தக் கொஞ்ச நேரம்தான் நானும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசினோம். எனக்கு மரிக்கொழுந்து பிடிக்கும் என்று சொன்னேன்.

புறப்படும்போது தேடினால், அப்பா பூவாத்தாள் முன்னால் குந்தியிருந்தார். கையில் நார். "மெதுவாக் காட்டு ஆத்தா. அவுங்களுக்குத் தெரிய வேண்டாம்." நாங்கள் பார்த்துவிட்டோம் என்று தெரிந்ததும் குரலை உயர்த்தினார்: "மாலை வேணா கரண்டுக்காரனூட்டுதா இருக்கட்டும். மூர்த்தத்தன்னிக்குத் தலைக்குப் பூ நாந்தான் கட்டுவேன். பொழுதுக்கும் வாடாது, பாத்துக்க!"

வைகாசியில் முகூர்த்தம். நான் லீவு போட்டு வந்ததும் தினமும் பழகினார். நூலுக்குப் பழகிய கை நாரிடம் இறங்கி வரவில்லை. அறுந்தது. திட்டினார். மறுபடி வகிர்ந்தார். கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் நல்லதாக ஒரு கட்டு நார் தேறியது. பித்தளைக் குண்டாவில் தண்ணீர் விட்டு அதைப் போட்டார். "ஊறட்டும். மொட்டு வாங்கிட்டு வாரேன். நான் வர்ற முன்னால நீ தொட்றாத."

கடைவீதியில் பூக்கூடை முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இருதயம். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குக் கடைசித் தண்ணீர் நான் விட்டிருக்கிறேன். அப்பாவுக்கு விட்டது ஒரு பூக்காரி. "மகளுக்குன்னு பொறுக்கிப் பொறுக்கி எடுத்தாரும்மா" என்று அவள் துக்கத்துக்கு வந்து சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கொண்டுபோன பை மடித்தபடியே திரும்பி வந்தது.

கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது. காரியங்களுக்கெல்லாம் சென்னிமலை கூடவே நின்றார். இன்று தறிப்பக்கம் கூட்டித் துடைத்தவர் குண்டாவைக் கையில் எடுத்தார்.

"நார் அழுக ஆரம்பிச்சிருச்சுங்க. கொட்டிரட்டுங்களா?"

அவர் கையிலிருந்து குண்டாவை வாங்கிக்கொண்டேன். தண்ணீரை மாற்றி, தறியோரம் அப்பா வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.