அக்கா பெயர் கேட்ட ஊசி

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரது படத்தைப் போட்டு, கீழே இரண்டு வரி எழுதி முடித்துவிடலாம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சென்ற ஆண்டு திண்டிவனத்தில், அக்காவின் வீட்டு வாசலில் போட்ட பந்தலில் உட்கார்ந்துகொண்டு, "ஊசி ஊசின்னு போட்டுக்கினே இருந்தாங்க, அதான் இப்படி ஆயிடுச்சி" என்று நம் உறவினர்களே பேசினார்கள். உடலை உள்ளே கிடத்தி வைத்துக்கொண்டு சண்டை போடக் கூடாது என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். இன்று, அவருடைய தங்கையாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா அனந்தபுரத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு மல்லாட்டையும் கேப்பையும் விளையும் கொஞ்சம் நிலம் இருந்தது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அக்காவைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாமா லாரி ஓட்டியவர். பிறகு ஒரு பழைய காரை வாங்கி டிரைவிங் ஸ்கூல் தொடங்கினார். ஆசையாகக் கேட்ட அக்காவுக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சர்க்கரை நோயால் மாமாவின் பார்வை மங்கியபோது, ஸ்கூலை மூடிவிடலாம் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். அக்காவை யாரும் கேட்கவில்லை.

"நான் நடத்துறேன்" என்றார் அக்கா.

"பொம்பள சொல்லிக் குடுத்தா எவன் வந்து கத்துக்குவான்?" என்று உறவில் ஒருவர் சிரித்தார்.

"எவனும் வர வாணாங்க. பொம்பளைங்க வருவாங்க."

வந்தார்கள். டீச்சர்கள், நர்சுகள், மயிலத்தில் படித்த கல்லூரிப் பெண்கள், கணவர் வெளிநாட்டில் இருக்க வீட்டில் சும்மா நின்ற காரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த மனைவிகள் என்று பலரும் வந்தார்கள். புருஷனிடம் கற்றுக்கொண்டால் திட்டுவார், அக்காவிடம் கற்றுக்கொண்டால் திட்டமாட்டார் என்று பெயர் பரவியது. உண்மையில் அக்காவும் திட்டுவார். ஆனால் திட்டி முடித்ததும் டீ வாங்கிக் கொடுத்துவிடுவார்.

நாற்பது வயதைத் தாண்டியபோது அவரது கைவிரல்கள் வீங்கத் தொடங்கின. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. சாவியைத் திருகக்கூட மாமாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. அடுத்து முட்டி வீங்கியது. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் கிளட்ச்சும் பிரேக்கும் இருக்கும். எதிரே லாரி வரும்போது, பயந்துபோன பெண் பிரேக்கை மறந்து உட்கார்ந்திருந்தால், அக்காவின் கால்தான் வண்டியை நிறுத்த வேண்டும். அந்தக் கால் ஒருநாள் தாமதித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்கா வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் ஊரில் கூட்டம் அலைமோதும் ஒரு கிளினிக்குக்குப் போனார். இடுப்பில் ஓர் ஊசி. அதே சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். நான் வாழ்க்கைப்பட்டது விழுப்புரத்தில்.

"வலி எங்க போச்சின்னே தெரியலடி. நான் புடிச்சா ஸ்டியரிங் நிக்குது. மாடிப்படி ஏறி எறங்கிக்கினு இருக்கேன், சும்மாவே."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் கேட்டவள். அதனால்தான், அவர் மறுபடி மறுபடி அங்கே போனதை முட்டாள்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. வலியில்லாத ஒரு சாயங்காலம் எவ்வளவு பெரியது என்று வலித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஊசியின் வேகம் குறைந்ததும் வலி திரும்பும். அக்காவும் திரும்பப் போவார். சில மாதங்களில் முகம் உருண்டையாகிக் கன்னம் மின்னியது. கல்யாண வீட்டில் பார்த்தவர்கள், "நல்லா சதை போட்டு செழிப்பா இருக்க" என்று மெச்சினார்கள். லேசாக இடித்தாலே கையில் நீலம் பாரித்தது. ரத்தத்தில் சர்க்கரையும் ஏறியது. அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. அடுத்த முறை போனபோது கேட்டுவிட்டார்.

"இது என்ன ஊசிங்க டாக்டர்? பேரு சொல்லுங்க."

"பேரு தெரிஞ்சி நீ என்ன பண்ணப்போற? வலி போகுதா இல்லியா?"

"போகுதுங்க. ஆனா ஒடம்பு என்னுதாச்சே."

"டாக்டர் நானா நீயா? நர்சு, அடுத்த ஆள வரச் சொல்லும்மா."

அக்கா எழுந்தார். தட்டில் கிடந்த காலி மருந்துக் குப்பியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "ஏம்மா, அத வையி" என்று சத்தம் போட்டார்களாம். அக்கா திரும்பியே பார்க்கவில்லை. நேராகக் காரை எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

எங்கள் ஊரில் மூட்டு நோய்களுக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மா இருந்தார். அவரிடம் அழைத்துப் போனேன். குப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஸ்டீராய்டு" என்றார். அக்கா திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா திட்டவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், படம் எடுத்தார். பிறகு விளக்கினார்.

"உங்களுக்கு வந்திருக்கிறது முடக்குவாதம். உங்க உடம்பே உங்க மூட்டைத் தாக்குது. அந்த ஊசி வலியை அமுக்கிடுச்சு, நோயை விட்டுடுச்சு. அடிக்கடி போட்டதுல எலும்பும் பலவீனமாயிருக்கு."

"அப்ப இன்னியோட நிறுத்திட்றேங்க."

"அதுதான் கூடாது. திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. உடம்பு அதுக்குப் பழகிடுச்சு. மாத்திரையாக் குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். கஷ்டமா இருக்கும், தாங்கிப்பீங்களா?"

"கஷ்டம்னு மொதல்லியே சொல்லிட்டீங்கல்ல, தாங்கிக்கிறேன்."

தாங்கியது சாதாரணமாக இல்லை. மருந்து குறையக் குறைய, மூடி வைத்திருந்த வலியெல்லாம் வெளியே வந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் அக்காவால் காரில் ஏற முடியவில்லை. மாமா மங்கிய கண்களோடு சோறாக்கினார். தலை பின்ன நான் வாரந்தோறும் பஸ் ஏறிப் போனேன். நோய்க்கான புது மாத்திரை வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பார்க்க வந்தவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "காரை வித்துட்டு ஊட்ல உக்காரு", "அந்தப் பழைய ஊசியையே போட்டுக்கினா என்ன, நல்லாத்தானே இருந்த?" என்றெல்லாம் சொன்னார்கள். எல்லோருக்கும் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். எழுந்து உட்காரத் தெம்பிருந்த நாட்களில், கூடத்தில் பெண்களை உட்காரவைத்துச் சாலை விதிகளை நடத்தினார். பாடம் ஒருநாளும் நிற்கவில்லை என்று சொல்லமாட்டேன். பல நாள் நின்றது. ஸ்கூல் மூடவில்லை, அவ்வளவுதான்.

விரல் வீக்கம் மெல்ல வற்றியது. வலது முட்டி மட்டும் அடங்கவில்லை. அப்போது டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு நான் அதிர்ந்துபோனேன்.

"முட்டிக்குள்ள நேரா ஒரு ஸ்டீராய்டு ஊசி போடலாம்."

"வாணாம்க்கா!" என்று நான் அலறிவிட்டேன். "எது வாணாம்னு இங்க ஓடி வந்தமோ அதையேவா?"

அக்கா என்னைக் கையமர்த்திவிட்டு டாக்டரம்மாவிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். என்ன மருந்து, எவ்வளவு, ஏன் இப்போது, எத்தனை நாளைக்குத் தாங்கும், மறுபடி எப்போது போடக் கூடாது, சர்க்கரை ஏறினால் என்ன செய்வது. டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நான் ஊசிய வாணாம்னு வரலடி. என்னை ஒண்ணும் தெரியாதவளா வச்சிருந்தாங்க பாரு, அதைத்தான் வாணாம்னு வந்தேன். போடுங்க டாக்டர்."

முட்டியைச் சுத்தம் செய்து, உள்ளே தேங்கியிருந்த மஞ்சள் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு மருந்தைச் செலுத்தினார்கள். சொன்னபடியே ஓய்வெடுத்தார். அடுத்த வாரமே, பனமலை ஏரிப் பக்கம் ஆளில்லாத சாலையில், பயந்த ஒரு டீச்சரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, பக்கத்தில் தன் பெடல்களின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தார் என் அக்கா.

அதோடு விடவில்லை. அந்தக் கிளினிக் பெஞ்சில் காத்திருக்கும் பெண்களிடம் போய், "ஊசி போட்டுக்குங்க, வாணாம்னு சொல்லல. பேரு எழுதி வாங்கிக்குங்க. போட்டுக்கினு இருக்கறத திடீர்னு நிறுத்தாதீங்க, பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன் மனைவியை அடக்கி வை என்று கிளினிக்கிலிருந்து மாமாவிடம் ஆள் வந்தது. மாமா அமைதியாகச் சொன்னாராம்: "அவ ஓட்ற வண்டிக்கு பிரேக்கு என்கிட்ட இல்லீங்க."

அதன் பிறகும் பல ஆண்டுகள் அக்கா வேலை செய்தார். சென்ற ஆண்டு, காலையில் பாடம் முடித்து வந்து தண்ணீர் கேட்டவர், மாமா கொண்டு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். பழைய ஊசிகளுக்கு இதில் பங்கு உண்டா என்று டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். மறைக்காமல் எழுதுகிறேன். அப்படியே பங்கு இருந்தாலும், அது அக்காவின் தவறு அல்ல. கேட்ட பிறகும் பெயர் சொல்லாமல் குத்தியவருடைய தவறு. பந்தலில் பேசியவர்கள் அந்தக் கிளினிக் டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்காவின் கடைசிப் பயணத்தில், அவரிடம் கற்ற பெண்கள் தங்கள் ஸ்கூட்டரிலும் காரிலும் பின்தொடர்ந்தார்கள். பெண்கள் சுடுகாட்டுக்கு வரும் வழக்கமில்லை என்று தெருமுனையில் சிலர் மறித்தார்கள். ஒரு வண்டிகூடத் திரும்பவில்லை. மறித்தவர்கள்தான் ஓரமாக ஒதுங்க வேண்டியதாயிற்று.

அக்காவிடம் கற்று, இன்று அந்த டிரைவிங் ஸ்கூலை எடுத்து நடத்தும் பெண்ணுக்கும், நோயாளியின் கேள்விக்கு முகம் சுளிக்காத டாக்டரம்மாவுக்கும், பார்வை குறைந்த நிலையிலும் அக்காவை ஒருநாளும் பட்டினி போடாத மாமாவுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உறவினர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்த மலரை மூடும்போது, "பாவம், ரொம்ப கஷ்டப்பட்டுச்சி" என்று மட்டும் சொல்லாதீர்கள். கஷ்டப்பட்டார், உண்மை. பாவம் இல்லை.

இப்படிக்கு,
தங்கை, விழுப்புரம்