சுண்ணாம்பு எண் போட்ட அறுபத்து நான்கு வீரர்கள்

1991 அக்டோபர் 17, வியாழக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். தூறல், காற்று இல்லை. மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஏறினேன். கரையின் வடக்குப் பக்கம் வானம் தேவைக்கு மேல் தெரிந்தது.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. சுங்குவார்சத்திரத்துக்கு அருகில் ஒரு கல்குவாரியின் எடைமேடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மீதி நேரத்தில் மாயாஜால நாவல் எழுதினேன். சென்னையில் ஒரு பதிப்பாளர் ஐந்நூறு ரூபாய் முன்பணம் தந்து, கடைசிப் போர்க்காட்சி பொங்கலுக்குள் வந்தால் அச்சிடுவதாகச் சொல்லியிருந்தார். என் வாழ்நாளில் என் எழுத்துக்கு வந்த ஒரே பணம் அது.

மாயாஜாலம் எழுதுகிறவனுக்குக் கற்பனை பெருகி ஓடும் என்று நினைக்கிறார்கள். எனக்கு ஓடவில்லை. கண்ணால் பார்த்ததை வேறு ஒன்றாக எழுத மட்டுமே தெரியும். ஒரு மார்கழி விடியலில் பனி மூட்டம் கரையை மறைக்க, பனைகளின் தலைகள் மட்டும் மிதந்தன. அவை நகர்வதாகத் தோன்றியது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த கரு. அறுபத்து நான்கு பனைகளும் அறுபத்து நான்கு வீரர்கள் ஆனார்கள். இடி விழுந்த மொட்டைப்பனை தலையில்லாத தளபதி. தலையில்லாததால் அவன் என்ன ஆணையிடுகிறான் என்று படைக்கு ஒருநாளும் விளங்காது. ஏரிப் பக்கம் சாய்ந்த பனை ஓடிப்போகப் பார்க்கும் கோழை. ஒருவன் இன்னொருவனைப் பார்த்துக் கையசைத்தான் என்று எழுதும் முன் அந்த மரத்தடியில் போய் நிற்பேன். நடுவில் மூன்றாமவன் மறைத்தால் அந்த வரியை அடித்துவிடுவேன்.

அப்படியும் பிசகியது. நான்காம் அத்தியாயத்தில் செத்தவன் ஒன்பதாம் அத்தியாயத்தில் வீரவசனம் பேசினான். பதிப்பாளர் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டினார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு பனையிலும் சுண்ணாம்பால் எண் போட்டேன். தளபதிக்கு ஒன்று. பிறகு கதையில் முக்கியமானவர்கள், வரிசையாக. மழையில் அழியக்கூடாதென்று வஜ்ஜிரப் பசை காய்ச்சிக் கலந்திருந்தேன்.

அன்று காலை கரையில் பதினோரு பேர் கோடரியோடு இருந்தார்கள். மரங்கள் துண்டுகளாகக் கிடந்தன. செங்கல் சூளைக்குப் போகும் விறகு. மேஸ்திரி பீடியைக் காதில் செருகிக்கொண்டு வந்தார்.

“இன்னா சார், எண்ணிக்கினு நிக்கிற?”

“யார் வெட்டச் சொன்னது?”

“ஏலத்துல எடுத்தது சார். நம்பர் போட்ட மரத்த வெட்டுன்னாரு எங்க கான்ட்ராக்டர். ஏரிக்கரைன்னாரு. வந்து பாத்தா, இங்க நம்பர் கீது.”

ஏலம் விட்டது பக்கத்து ஊர் ஏரிக்கரைப் பனைகளை. அங்கே அதிகாரிகள் இன்னும் எண்ணே போடவில்லை. சாலையோரப் புளியமரமானாலும் பனையானாலும், எண் விழுந்தால் அது கோடரிக்குப் போகும் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தூரிகையைப் பிடித்திருந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

“அது நான் போட்ட நம்பர். கதைக்காகப் போட்டது. இவங்கல்லாம் போர்வீரங்க.”

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: “யோவ் மேஸ்திரி, ரெண்டு நாளா கைவலி கைவலின்னியே, நாம பட்டாளத்தையே சாச்சிருக்கோம்யா!”

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. “தப்பா எடுத்துக்காத சார். ஒண்ணுலேர்ந்து நம்பர் வரிசையா தேடித்தேடி வந்தோம். மழ வந்துட்ச்சி, இல்லாங்காட்டி முட்ச்சிருப்போம்.”

நாற்பத்தொரு மரங்கள் விழுந்திருந்தன. ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை. நின்ற இருபத்து மூன்று பேரும் கதையில் வாய் திறக்காதவர்கள். கூட்டத்துக்காக நான் நிறுத்தி வைத்தவர்கள்.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் மரத்துக்கு அறுபது ரூபாய் விலை வைத்தார். கான்ட்ராக்டர் பாதிக்குமேல் தரமாட்டேன் என்றார்.

“நம்பர் போட்டவரு மீதியக் குடுக்கட்டும் தலைவரே. நாங்க இன்னா ஜோசியமா பாத்தோம்?”

தலைவர் அதற்கு ஒத்துக்கொண்டார். நானும் ஒத்துக்கொண்டேன்.

பொங்கல் வரை எழுதிப் பார்த்தேன். “ஏங்க, அவங்கதான் மனசுல இருக்காங்களே, பாத்து எழுதுங்களேன்” என்றாள் மனைவி.

“மனசுல இருந்தா நான் ஏன் தினம் ஏரிக்குப் போவப்போறேன்?” என்று எரிந்து விழுந்தேன்.

அவள் சொன்னதையும் செய்து பார்த்தேன். ஒன்றாம் எண் தளபதி கையை உயர்த்தினான். யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அடித்தேன். மிஞ்சியவர்களைப் பேச வைத்தேன். எல்லோரும் ஒரே குரலில் என்னைப்போலவே புலம்பினார்கள். அதையும் அடித்தேன். அடிமரங்களையே பிணங்களாக வைத்துப் போர் முடிந்த களமாக எழுதலாம் என்று ஒரு நாள் குடையோடு போய் நின்றேன். அவை வெறும் அடிமரங்களாகவே இருந்தன. அதற்குப் பிறகு எந்த மரமும் எனக்கு வேறொன்றாகத் தெரிந்ததில்லை. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். இதை எழுதும்போதும் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். அது பார்த்ததாகவே நின்றுவிடுகிறது.

பஞ்சாயத்துக்குக் கட்டிய என் பாதி ஆயிரத்து இருநூற்று முப்பது. பதிப்பாளருக்குத் திருப்பி அனுப்பிய முன்பணம் ஐந்நூறு. மணியார்டர் கமிஷன் இருபத்தைந்து. ஆக மொத்தம் ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தைந்து ரூபாய்.