தாழ்ந்த மேடை யாருக்கு

பெட்ரிசியாவின் கணவர் பெர்னார்ட், லிங்கி என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். அடுப்படிக்குள் தண்ணீர் குடிக்க மட்டுமே நுழைகிற ஆள். அவள் கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருமுவார்கள். தகரக் கூரைக்குக் கீழே புகை போக வழியில்லாமல் அவள் கண்ணீரும் மூக்குமாக நிற்பாள். இவர் வாசலில் உட்கார்ந்து வாசம் பிடித்துக்கொண்டிருப்பார். நல்ல ஜன்னலாவது வைத்துக் கொடுங்கள் என்று அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து வெகு காலமாகிவிட்டது.

அப்படிப்பட்டவர் திடீரென்று ஒருநாள், அடுப்படியை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்றார். பெட்ரிசியாவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று நினைத்துக்கொண்டாள்.

வாசல் சிமெண்டுத் தரையில் அவர் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு விளக்கினார். வெளிச்சுவரை ஒட்டி அடுப்பு, அதன் தலைக்கு நேரே புகையை வெளியே தள்ளும் காற்றாடி. கேஸ் தோம்பு, அந்தச் சிலிண்டர், வீட்டுக்கு வெளியே. பின்வாசலை ஒட்டி ஒரு ஜன்னல். பிரியாணிச் சட்டியைப் படுக்கப் போட்டுக் கழுவும்படி ஆழமான தொட்டி. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கச் சுவர் முழுக்க டைல்ஸ் ஓடு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு சரியாக இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்பதுதான் அவளுக்கு இடித்தது.

அப்புறம் அந்த மேடை. அடுப்புக்குப் பக்கத்தில், மற்ற மேடையைவிட அரையடி தாழ்வாக ஒன்று. அடியில் அலமாரி இல்லை, வெறும் காலியிடம். பின்வாசல் நிலையையும் அகலப்படுத்தி, படியை எடுத்துவிடச் சொன்னார். நடுவில் ஒரு மேசை போடும் அளவுக்கு இடம் சும்மா கிடந்தது.

காய் வெட்ட வசதியாக இருக்கும் என்றார். தேவாலயப் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்றாலும் பெட்ரிசியாவின் தலை தனியாகத் தெரியும். அந்த மேடையில் அவள் குனிந்து வெங்காயம் வெட்டினால் இடுப்பு ஒடிந்துவிடும். அப்படியானால் அது யாருக்கு?

குள்ளமாக அவளுக்குத் தெரிந்தவள் ஒருத்திதான், பெர்னார்டின் தங்கை ஜோசலின். புருஷன் இறந்த பிறகு கோலா கிளாவாங்கில் தனியாக இருக்கிறாள். தன் கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் இவர்களோடு இருந்தபோது மிளகாய்த்தூள் டப்பாவை ஒரு இடத்தில் இருக்க விட்டதில்லை. இப்போது பெர்னார்ட் வாழைமரத்துப் பக்கம் போய் அவளோடுதான் போனில் பேசுகிறார். பெட்ரிசியா துணி காயப்போட வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. ஓடு பார்க்கப் போகிறேன் என்று அடிக்கடி சிரம்பானுக்கு பஸ் ஏறுகிறார். ஒரு துண்டு ஓடும் வீட்டுக்கு வந்தபாடில்லை. வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுக்கொண்டு திரிகிறார். கேட்டால், தரை சில்லென்று இருக்கிறதாம். இந்த வெயிலில்.

ஒருநாள் துணிக்கொடியிலிருந்து அவள் பார்த்தாள். பழைய அடுப்படியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையைச் சுவர்ப் பக்கம் நீட்டி எதுவரை எட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சியின் உயரத்துக்கு அளவெடுக்கிறாரா?

கட்டுமான வேலை எடுத்திருந்த சத்தியசீலனைப் பிடித்து விசாரித்தாள். அண்ணன் சொன்னபடி செய்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது.

அன்று மத்தியானம் பெர்னார்ட் குளிக்கப் போன நேரத்தில் ஜோசலினுக்குப் போன் போட்டாள். எல்லாம் தெரிந்தவள் போல, எப்போது சாமான்களோடு வருகிறாய் என்று கேட்டாள்.

"நான் எதுக்கு அண்ணி அங்க வர்றேன்?" என்றாள் ஜோசலின், ஒன்றும் புரியாமல். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணன் கால் எப்படி இருக்கு? எப்ப வெட்டணும்னு சொல்லிட்டாங்களா?"

எதை வெட்டணும் என்று கேட்டாள் பெட்ரிசியா. உளறிவிட்டோம் என்று ஜோசலினுக்கு அப்போதுதான் புரிந்தது. மிச்சத்தை அழுதுகொண்டே சொன்னாள். இனிப்புநீர் வியாதி, பாதத்தில் ஆறாத புண், விரல்களை எடுக்கணும், முழங்கால் வரைக்கும் போனாலும் போகலாம் என்று சிரம்பானில் டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜோசலினின் புருஷன் கடைசி வருஷங்களைச் சக்கர நாற்காலியில் கழித்தவர். வீட்டில் எதை எங்கே வைத்தால் நாற்காலி திரும்பும் என்று கேட்கத்தான் அண்ணன் போன் போட்டிருக்கிறார்.

பெர்னார்ட் தலை துவட்டியபடி வந்தார். காலுறை அதற்குள் ஏறியிருந்தது.

"சாக்ஸக் கழட்டுங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். போன் அவள் கையில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாகக் கழற்றினார். சுண்டு விரலும் அதற்கடுத்ததும் கறுத்திருந்தன.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுதுகிட்டு நிப்ப. அடுப்படி கட்டி முடியட்டும்னு பார்த்தேன். நாற்காலியில உட்கார்ந்துட்டா, ஒரு காப்பியாவது நானே கலக்கிக்கணும்லா. எல்லாத்துக்கும் உன்னையே கூப்பிட முடியுமா?"

அவள் அழவில்லை. கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. தங்கைக்குத் தெரியும், மணல் கொட்டுகிறவனுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது. விடுவிடுவென்று வாசலுக்குப் போய் அந்தக் கோடுகளுக்கு முன்னால் நின்றாள். பார்க்கப் பார்க்க இன்னும் எரிச்சலாக வந்தது.

"அடுப்புக்குப் பக்கத்துல யாராச்சும் உட்காருவாங்களா? கடுகு தெறிச்சா நேரா கண்ணுலதான்."

தாழ்ந்த மேடையைக் காலால் தேய்த்து அழித்தாள். சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, பின்வாசல் ஜன்னலோரமாக, அடுப்பிலிருந்து தள்ளி, புதிதாகப் போட்டாள். கொதிக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்பிலிருந்து தொட்டிக்குப் போகும் வழியில் நாற்காலி குறுக்கே வராதபடி பார்த்துக்கொண்டாள். பழைய அடுப்படியை இடித்ததும் சத்தியசீலன் அந்தக் கோட்டின்படி செங்கல் வைத்தான்.

பூச்சு காய்வதற்குள் ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு விரல்கள் போயின, கால் தப்பியது. கொஞ்ச காலம் சக்கர நாற்காலி, பிறகு கைத்தடி. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பெர்னார்ட் வெங்காயம் உரிக்கக் கற்றுக்கொண்டார். தோலை மட்டும் உரிக்கத் தெரியாமல் பாதி வெங்காயத்தையும் சேர்த்து உரிப்பார்.

ஆனால் பெட்ரிசியா அதற்குப் பிறகு அவரை நம்பியதே இல்லை. சிரம்பானுக்கு அவரைத் தனியாக விடுவதில்லை. டாக்டர் அறைக்குள் கூடவே போவாள். புண் நன்றாக ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னால், அவர் எழுந்து வெளியே போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு, இப்போது உண்மையைச் சொல்லுங்கள் என்று இன்னொரு முறை கேட்பாள்.