அறுபத்தெட்டு உறுப்புகளும் ஒரு வயிறும்

மகள் அனுப்பிய பட்டியலில் அறுபத்தெட்டுச் சொற்கள் இருந்தன. தலைமுடியில் தொடங்கிக் கால் சுண்டுவிரலில் முடியும் பட்டியல். அவளுக்குத் தை மாதம் பிரசவம். பிரான்சில், பெயர் நம் வாயில் நுழையாத ஒரு சிற்றூரில் இருக்கிறாள். மருமகனுக்கு வேறு நகரத்தில் வேலை. வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்புவார். இடைப்பட்ட நாட்களில் அவளுக்கு ஒன்றென்றால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டியவர்கள், பிரசவத்துக்குத் துணையாகப் போகும் நானும் என் மனைவியும்.

"யப்பா, இங்கன இங்கிலீஷ் எடுபடாது. எங்க வலிக்குன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சா போதும்" என்றாள்.

துறைமுகத்தில் சரக்குப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன் நான். எந்தக் கப்பலில் எந்த அறையில் என்ன கிடக்கிறது என்பதைத் தாளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மனித உடம்பு அப்படியொன்றும் பெரிய கப்பல் இல்லை என்று நினைத்து, நீளப் பதிவேடு ஒன்று வாங்கி நான்கு பத்திகள் பிரித்தேன்: வரிசை எண், பிரெஞ்சுச் சொல், தமிழில் உச்சரிப்பு, குறிப்பு.

முதல் வாரமே குழம்பிப் போனேன். விரலுக்கு ஐந்து எழுத்து எழுதிவிட்டு 'துவா' என்று முடித்துக்கொள்கிறார்கள். மிச்ச எழுத்துகள் எதற்கு ஏற்றப்பட்டன, எங்கே இறக்கப்பட்டன என்பதற்குத் தாள் கிடையாது. இலக்கணப்படி மூக்கு ஆண், வாய் பெண். அதையாவது ஒப்புக்கொள்ளலாம். தாடி பெண்ணாம். இதயத்தில் வலி என்று சொன்னால் குமட்டுகிறது என்று எடுத்துக்கொள்வார்களாம். அப்படியானால் நிஜமாகவே மாரடைப்பு வந்தவன் என்ன சொல்லிவிட்டுச் சாவான் என்று மகளிடம் கேட்டேன். "யோசிக்காதீங்கப்பா, மனப்பாடம் பண்ணுங்க" என்றாள்.

என் மனைவிக்கு இந்தக் குழப்பங்கள் எதுவும் இல்லை. ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கடைக்காரக் குடும்பம். எந்த ஊர்க்காரன் வந்து நின்று எதைக் கேட்டாலும் புரிந்துகொள்ளும் காது. நான் எழுதி, அடித்து, திரும்ப எழுதுவதற்குள் அவள் தோசைக்கல்லைத் துடைத்தபடியே முழங்காலையும் முழங்கையையும் சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் 'முழங்கால் வலிக்கிறது' என்ற வாக்கியத்தைப் பழகும்போது, வசதிக்காக என் முழங்காலைத் தொட்டேன்.

"ஏங்க, ஒங்க மேல வச்சுக் காட்டாதிய! இல்லாத வலிய எதுக்குக் கூப்பிடுதிய?"

"மூக்கு, காதுன்னு தொட்டப்போ சும்மாதான இருந்த?"

"பேரு சொல்லும்போது தொடலாம். வலின்னு சொல்லும்போது தொடக் கூடாது. தொட்ட எடத்தத் தொடச்சு, கைய ஊதுங்க."

அடுத்தவர் நோவைத் தன் உடம்பில் காட்டக் கூடாது. காட்டிவிட்டால் துடைத்து ஊதிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று கேட்டேன். அவள் குனிந்து, தானே என் முழங்காலைத் துடைத்து, கையை ஊதிவிட்டுப் போனாள்.

தினமும் மாலைத் தேநீருக்குப் பிறகு தேர்வு. நான் ஆம்புலன்ஸ்காரன். "உ அவே வு மால்?" என்று கேட்பேன். எங்கே வலிக்கிறது? அவள் ஓர் உறுப்பைச் சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக் கூடாது என்பது விதி. முதல் வாரம் காது, பல், முதுகு என்று ஒழுங்காகப் போனது. இரண்டாவது வாரம் ஒரு நாள் "வாந்த்ர்" என்றாள். வயிறு. மறுநாளும் "வாந்த்ர்."

"நேத்தும் அதத்தான சொன்ன?"

"சரி, எபோல்."

தோள். அதற்கடுத்த நாள் மறுபடியும் வயிறு. குறிப்புப் பத்தியில் 'திரும்பக் கூறல், அரை மதிப்பெண்' என்று எழுதினேன்.

மறந்திருந்தால் விட்டிருப்பேன். மறக்கவில்லை என்பதுதான் என்னைக் குழப்பியது. புதுக்கோட்டைக்குப் பேருந்தில் போனபோது நடத்துநரின் புருவத்தைப் பார்த்து அதற்கான சொல்லை என் காதில் சொல்லிச் சிரித்தவள் அவள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் மட்டும் வயிறு, இல்லாவிட்டால் தோள். தொட்டும் காட்டுவதில்லை, அவளுடைய சட்டம் அப்படி. என்னைக் கேலி செய்கிறாளோ என்று தோன்றியது.

"ஆம்புலன்ஸ்காரன்ட்ட எல்லாத்துக்கும் வயிறுன்னுதான் சொல்லுவியா?"

"வயித்துப்பிள்ளைக்காரிக்கு வேற எங்க வலிக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. மதிப்பெண்ணை மட்டும் உயர்த்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொரிச்ச பரோட்டா வாங்கி வந்தேன். பாதியைப் பிய்த்துத் தின்றுவிட்டு மீதியை ஒதுக்கி வைத்தாள். பிறகு தேர்வுக்கு உட்கார்ந்தோம். கேள்வியை நான் முடிக்கும் முன்பே "வாந்த்ர்" என்றாள். அரை மதிப்பெண் எழுதப் போனபோது மேலேயுள்ள வரிகள் கண்ணில் பட்டன. அரை, அரை, அரை. எல்லாம் என் கையெழுத்து. நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய மேலுதட்டில் வியர்வை. ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. இன்னொரு கை வலது விலாவுக்குக் கீழே புடவையை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஏளா, வயிறு வலிக்கா?"

"ஒண்ணுமில்ல. கேஸு."

என்ன செய்வதென்று தெரியவில்லை. பிரெஞ்சில் கேட்டேன்.

"வாந்த்ர்."

மறுபடி தமிழில் கேட்டேன்.

"ஒண்ணுமில்லங்கேன்லா."

மறுபடி பிரெஞ்சில். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "வாந்த்ர். எபோல்."

"எத்தன நாளா?"

"பாடம் தொடங்கி ரெண்டாவது வாரத்துல இருந்து."

"தமிழ்ல சொல்ல வாய் இல்லையா?"

"தமிழ்ல சொன்னா மகளுக்குப் போனப் போட்டு டிக்கெட்ட ரத்து பண்ணிருவிய. பிள்ளை பொறக்கும்போது நான் அவ பக்கத்துல இருக்கணும். இதுல சொன்னா அரை மார்க்குதான போகும்?"

மறைக்க வேண்டும் என்றால் சொல்லாமலே இருந்திருக்கலாம். காது என்றோ பல் என்றோ சொல்லி முழு மதிப்பெண் வாங்கியிருக்கலாம். ஏன் நாள் தவறாமல் சொன்னாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார்.

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர். லேசா கேஸு."

மருத்துவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரிய வாய்ப்பில்லை. என் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தேன். "இங்கன டாக்டர்." அந்தக் கையை எடுக்காமலே, இடது கையால் வலது தோளையும் பிடித்தேன். "அப்புறம் இங்கன. எண்ணெய்ப் பண்டம் தின்னா கூடுது."

"ஐயோ, ஒங்க மேல வச்சுக் காட்டாதிய!" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. மருத்துவர் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கியபடி ஸ்கேனுக்கு எழுதினார்.

பித்தப்பையில் கல். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "தையில பிரான்ஸுக்குப் போலாமா டாக்டர்?"

"இப்பவே எடுத்துட்டா தாராளமாப் போகலாம். எடுக்காமப் போனா அங்க ஆம்புலன்ஸ்ல படுக்கப்போறது உங்க மக இல்ல, நீங்கதான்."

ஒப்புதல் படிவத்தை நான் வரிவரியாகப் படிக்கத் தொடங்கினேன். இரண்டாவது பத்தியில் இருந்தபோது அவள் அதை என் கையிலிருந்து உருவிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

பித்தப்பை மகளின் பட்டியலில் இல்லை. பிரெஞ்சில் என்ன என்று கேட்டுச் செய்தி அனுப்பினேன். சொல் வருவதற்கு முன் அவளே அழைத்தாள். "யாருக்குப்பா?" அவளிடம் தமிழில்தான் சொன்னேன். கொஞ்சம் அழுதாள். பிறகு, "அம்மாவ ஆபரேஷன முடிச்சிட்டே வரச் சொல்லுங்க. நான் காத்துக் கெடப்பேன்" என்றாள். பதிவேட்டில் அறுபத்தொன்பதாவது வரி எழுதினேன்.

அறுவை சிகிச்சையன்று காலையில் என் மனைவியைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். கதவு வரை கூடவே நடந்தேன். தைரியமாக ஏதாவது சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஊதினியளா?"

"என்னத்த?"

"அன்னைக்கு டாக்டர்ட்ட ஒங்க மேல வச்சுக் காட்டுனியளே. தொடச்சு ஊதினியளா?"

நான் பதில் சொல்வதற்குள் வண்டி உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டது.

நடைபாதையில் நின்றேன். முதலில் விலாவா, தோளா? ஒருமுறையா, மூன்று முறையா? துடைத்த பிறகு ஊதுவதா, ஊதிய பிறகு துடைப்பதா? கேட்க ஆளில்லை. சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம் என்று இரண்டு இடங்களையும் துடைத்து, மும்மூன்று முறை கையை ஊதினேன். அந்தப் பக்கமாக வந்த செவிலியர் ஒருவர் நின்று, எனக்கு எங்காவது வலிக்கிறதா என்று கேட்டார்.