பால்மரத்தில் என் பரம்பரை

கோலா கிளாவாங்கில் ஒரு பழைய பலகை வீட்டைப் பேக்பேக்கர் விடுதியாக்கி நடத்துகிற அக்கா, என் சக்கரப் பெட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்னா தம்பி, எல்லாரும் முதுகுல தூக்கிட்டு வருவாங்க. நீங்க நாய்க்குட்டி மாரி இழுத்துட்டு வர்றீங்களே லா!"

மனைவியும் பிள்ளைகளும் போர்டிக்சனில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ராசாவில் எங்கள் வீட்டில் தனியாக உட்கார்ந்து மீ நூடுல்ஸ் அவித்துத் தின்பதைவிட, இளைஞனாகிப் பார்க்கலாம் என்று தோன்றியது. எனக்கு அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு கிடைத்தது. நான் ஏறியபோது அது போட்ட சத்தத்தில், கீழே படுத்திருந்த ஜெர்மன் பெண் எழுந்து வேறு கட்டிலுக்குப் போய்விட்டாள். மரியாதைக்கு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அங்கே தங்குகிறவர்கள் ஒன்றாகச் சமைத்து ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். பின்வேலிக்கு அப்பால் ஒரு மலாய்ப் பெரியவரின் சிறிய ரப்பர்த் தோட்டம். எல்லாருக்கும் அவர் பாக்சிக், அதாவது மாமா. காலையில் அவர் மரப்பட்டையைக் கீறிப் பால்வெட்டுவதைப் பார்க்கத்தான் வெளிநாட்டுக்காரர்கள் இந்த ஊரைத் தேடி வருகிறார்கள். அதற்காக அவர் எதுவும் கேட்பதில்லை. வெட்டி முடித்து, மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் வடிகிற நேரத்தில் விடுதி அடுப்படியில் ஒரு கோப்பி, அவ்வளவுதான்.

"ஒரே ஒரு ரூல்தான் இங்க," என்றார் அக்கா. "பால்வெட்டுற உளிய மட்டும் யாரும் தொடக்கூடாது. நான் அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவரு வேணாம்னு சொல்லிட்டா, இந்தக் காட்டுக்குள்ள என் வீட்டுக்கு யாரு வருவா?"

நான் பலமாகத் தலையாட்டினேன். ஆட்டிய தலைக்குள் எதுவும் இறங்கவில்லை.

சாப்பிடும்போது அந்த ஜெர்மன் பெண், இங்குள்ள தமிழர்கள் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்களாமே என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. என் அம்மா கல்யாணத்துக்கு முன் எஸ்டேட்டில் பால்வெட்டியவர். அது உண்மை. இருட்டில் உளியைப் பிடித்தால்கூட எங்கள் குடும்பத்துக் கை தவறாது, அது இரத்தத்தில் இருக்கிறது என்றேன். அது பொய். நான் ராசாவில் கடைவீட்டு மாடியில் வளர்ந்தவன். ரப்பர் என்றால் எனக்கு மோட்டார் டயரும் பள்ளிக்கூடத்து அழிப்பானும்தான்.

மறுநாள் காலை பாக்சிக் வேலி ஓரத்து மரங்களில் பால்வெட்டிவிட்டு, உளியை ஒரு மரத்தடியில் வைத்துவிட்டுக் கோப்பிக்குப் போனார். அக்காவும் போனார். அந்தப் பெண் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி, "உங்கள் குடும்பத்து முறையைக் காட்டுங்களேன்" என்றாள்.

இரத்தம், பரம்பரை என்று மறுபடியும் முழங்கிவிட்டுக் காட்டினேன். முதலில் பட்டை ஒரு சுருளாக அழகாக வந்தது. அதற்குள் எனக்குத் தலைக்கனம் ஏறியது. கொஞ்சம் அழுத்தினேன். உளி உள்ளே போய் வெள்ளைக் கட்டையில் நின்றது. பால் வெட்டுத் தடத்தை விட்டு, மங்குக் கிண்ணத்தை விட்டு, மரம் முழுக்க வழிந்தது. பெயர்ந்த பட்டையை எடுத்து, பிள்ளைகளின் முழங்காலுக்குப் பிளாஸ்டர் ஒட்டுவதுபோல் அழுத்திப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"இது இப்படித்தான் இருக்குமா?" என்றாள்.

"இது விசேஷ முறை," என்றேன். பேச்சை மாற்ற, உளியை அவள் கையில் கொடுத்து, "நில், படம் எடுக்கிறேன்" என்றேன்.

அப்போதுதான் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

பாக்சிக் காயத்தை விரலால் தடவினார். கத்தவில்லை. உளியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ எஸ்டேட் ஆளாமே, அக்கா சொன்னார். இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நீயாவது சொல்லக் கூடாதா?" என்று மலாயில் கேட்டார்.

அவளுக்கு மலாய் தெரியாது. என் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தலையாட்டினேன். ஆமாம், சொல்லியிருக்க வேண்டும் என்பதுபோல.

"நாளையிலிருந்து யாரும் வர வேண்டாம்," என்றார் பாக்சிக், அக்காவிடம். அக்கா மன்னிப்புக் கேட்டார். திரும்பி நடக்கும்போது, பாக்சிக் என்ன சொன்னார் என்று அந்தப் பெண் கேட்டாள். பரவாயில்லையாம் என்றேன்.

அடுப்படியில் அக்கா அவள் தட்டில் மட்டும் இரண்டு தோசை கூடுதலாக வைத்தார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பாவம் தம்பி, சின்னப் புள்ள, வெளையாட்டுத்தனமா செஞ்சிருச்சு. அவரு கோவிச்சுக்கிட்டாருன்னு சொல்லிராதீங்க. மனசு ஒடஞ்சிரும்."

வாய்க்கு வாய் கோமாளித்தனம் பண்ணுகிற எனக்கு ஒரு சிரிப்பும் கைகொடுக்கவில்லை.

"அக்கா, வெட்டுனது நாந்தான்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "நீங்களா? அப்போ அங்க ஏன் மண்டைய மண்டைய ஆட்டுனீங்க?"

"பயந்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லி என்னா பண்றது? அவருகிட்ட போயி சொல்லுங்க லா!"

பாக்சிக் மங்குகளிலிருந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். எஸ்டேட்டில் வேலை செய்தது அம்மா, நான் உளியைப் பிடித்ததே இன்றுதான் என்றும் சொன்னேன். அவர் வாளியை வைத்துவிட்டு என் கைகளைப் பார்த்தார். கீபோர்டு தட்டித் தட்டி மெத்தென்று ஆன கைகள். அந்த இடத்தில் பட்டை இனி முடிச்சு முடிச்சாகத்தான் வளரும் என்றார். பிறகு, "அந்தப் பிள்ளை வரலாம். மற்றவர்களும் வரலாம். நீ வேண்டாம்."

அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. கைப்பேசியில் பதிவானதைப் போட்டுக் காட்டினாள். அதில் என் குரல் கம்பீரமாக இரத்தம், பரம்பரை என்று முழங்கிக்கொண்டிருந்தது. பார்த்து முடிக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் எல்லாரும் வேலியைத் தாண்டிப் போனார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"நீங்க உள்ள இருங்க," என்றார் அக்கா. "கோப்பியாவது போடத் தெரியுமா, இல்ல அதுவும் ஒங்க பரம்பரையா?"

போட்டேன். பாக்சிக் வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மடக்குக் குடித்தார். முகம் சுளித்தார். சீனி டின்னை நான் எடுத்துக் கொடுப்பதற்குள், மேசையில் கிடந்த வெங்காயக் கத்தியை எடுத்துத் தன் பக்கமாகத் தள்ளி வைத்துக்கொண்டார்.