சுபாவின் கால் அளவு

டென்மார்க்கில் ஸ்கீவ என்ற ஊரில் நான் வேலை செய்த சலவைக்கூடத்துக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள்தான் கூடுதலாக வரும். ஈர விரிப்பின் மூலைகளை இரண்டு பேர் இழுத்துப் பிடித்து, கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் விடவேண்டும். நான் விட்ட விரிப்பு சுருங்கி வந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் விரிப்பு மடங்கினால் மெஷினை நிறுத்தவேண்டும், கையால் நீவக்கூடாது. ஒருநாள் நான் நீவினேன். விரல்கள் வெந்துபோயின.

கையில் கட்டோடு வீட்டில் இருந்து அழுதேன். குளிர், எதிர்க்காற்றில் சைக்கிள், நாள் முழுக்க நிற்கிற வேலை, இப்போது இதுவும். எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்று இருந்தது.

சனிக்கிழமை யோகன் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான். உருளையின் மறுபக்கம் நின்று காய்ந்த விரிப்பை எடுப்பவன் அவன். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். குடும்பத்தைக் கூப்பிடும் எங்கள் விண்ணப்பம் முந்திப் போனதால் நானும் பிள்ளைகளும் என் கணவரிடம் வந்து சேர்ந்துவிட்டோம். அவனுடையது பிந்திவிட்டது. அந்த வருடங்களில் எங்கள் ஆட்களின் குடும்ப விண்ணப்பங்களைக் கொப்பன்ஹேகனில் அசையாமல் வைத்திருந்தார்கள். அது பிறகு நீதி அமைச்சரையே கோர்ட்டில் நிறுத்தி, தமிழர் வழக்கு என்று பெயரெடுத்தது. அப்போது எங்களுக்கு ஒரு காரணமும் தெரியாது.

என் புலம்பல் முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, என் மகளைக் கூப்பிடச் சொன்னான். தரையில் பேப்பரை விரித்தான்.

"சுபா, காலை ஒருக்கா இதிலை வை பிள்ளை."

பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டான். அவளுக்குக் கூச்சம், சிரித்தாள்.

"என்ரை வனிதாவுக்கும் இதே வயதுதானே அக்கா. குளிருக்கு முதல் சப்பாத்து வாங்கி வைக்கவேணும். வந்து இறங்கேக்கை கால் விறைக்கக்கூடாது."

எப்போது வருவாள் என்று சுபா டேனிஷில் கேட்டாள். கெதியில் வந்துவிடுவாள் என்று அவனும் டேனிஷிலேயே சொன்னான்.

அவன் போன பிறகு என் அழுகை நின்றுவிட்டது. பிள்ளைகள் என்னோடு இருக்கிறார்களே என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு குழப்பம் பிடித்துக்கொண்டது. எதற்கு நன்றி சொன்னேன்? அவன் பிள்ளை அங்கே நிற்பதற்கா? இரவு கணவரிடம் கேட்டேன்.

"நன்றி சொன்னது பிழையோ?" என்றார்.

"பிழையெண்டு சொல்லேல்லை. பிள்ளையாருக்கு என்ன விளங்கியிருக்கும் எண்டு யோசிக்கிறன்."

திரும்ப வேலைக்குப் போனதும் யோகனுக்கு முன்னால் எதையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனே கேட்டான்.

"என்னக்கா, வாயுமோ சுட்டுப்போச்சு? புறுபுறுங்கோ. என்ரை மனிசியும் உப்பிடித்தான். கேட்டால் வீட்டிலை நிக்கிற மாதிரி இருக்கும்."

அதற்குப் பிறகு எனக்கு இன்னும் குழப்பம். என் குறை அவனுக்கு ஆறுதலாம். நான் என்ன செய்ய? பழையபடி புறுபுறுத்தேன்.

ஒவ்வொரு குளிருக்கும் வந்து சுபாவின் காலை அளந்துகொண்டு போனான். கடைசியில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் குடும்பமாகப் பார்க்கப் போனோம். புதுச் சப்பாத்தை யோகன் வனிதாவுக்குப் போட்டுவிட்டான். எழும்பி நடந்தாள். கால் முன்னுக்குப் போக, சப்பாத்து பின்னுக்கு நின்றது.

"சண்டைக்குள்ளை அங்கை சாப்பாடு..." என்று தொடங்கிய அவன் மனைவி அதோடு நிறுத்திக்கொண்டாள். யோகன் குனிந்து முனையில் பஞ்சு வைத்து அடைத்தான்.

"இனி இஞ்சைதானே அக்கா, வளந்திடுவாள்."

பக்கத்தில் சுபா காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். என் சேலைத் தலைப்பை எடுத்து அவள் காலை மூடினேன்.

வேலைத்தலத்தில் உங்களைவிடக் கஷ்டப்படுகிற ஒருவரைக் கண்டு மனம் ஆறினால் ஆறட்டும், அதை அவருக்கு முன்னால் காட்டக்கூடாது. நான் படித்தது இவ்வளவுதான். அந்தக் கும்பிடு சரியா பிழையா என்று கேட்டால், எனக்கு இன்னும் தெரியாது.