அண்ணி போட்ட காலி நாற்காலி

நாத்தனார் ஒருத்திக்குத்தான் முறைப்படி அண்ணி. ஆனால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. கல்லூரி அலுவலகத்தில் வேலை. தேர்வு வந்தால் யார் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது அவள்தான். ஒரே பாடம் எழுதும் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் விடைத்தாள்கள் இரட்டைப் பிள்ளைகளாகிவிடும். அதனால் கலைத்துப் போடுவாள். கலைக்க ஆள் போதாவிட்டால் நடுவில் ஒரு காலி நாற்காலி.

இதைக் கட்டிக்கொண்டு மாரடித்தது போதும் என்று கோடிங் கற்றுக்கொண்டாள். இரண்டு கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. மூன்றாவது நேர்காணல் இன்று காலை, வீடியோவில். ஏஐ உதவியை வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். இதுவும் போனால் புத்தகத்தை மூடிவிடுவதென்று மனதுக்குள் முடிவு.

"அதான் ஏஐ இருக்குல்ல அண்ணி. சும்மா தலையாட்டுங்க, எங்கண்ணன் உங்ககிட்ட ஆட்டற மாதிரி," என்றாள் நாத்தனார்.

"வாயை மூடிட்டு வெளிய போடி."

கேள்வி இதுதான்: ஒரு சொல்லின் எழுத்துகளை மாற்றி அடுக்க வேண்டும், ஒரே எழுத்து அடுத்தடுத்து வரக்கூடாது. அண்ணிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அதிகம் இருக்கிற எழுத்தை முதலில் தள்ளித் தள்ளி வை, மற்றதை இடையில் நுழை, போதாவிட்டால் வெற்றிடம் விடு என்று ஏஐக்குத் தட்டினாள். அதுவும் சமர்த்தாகச் செய்தது.

கேள்வி கேட்டவர் மூன்று 'க', ஒரு 'ம' கொடுத்தார். 'கமக' வந்தது, பிறகு ஓர் ஓட்டை, பிறகு 'க'.

"இந்த ஓட்டை எங்கேருந்து வந்துச்சு மேடம்?"

"காலி நாற்காலி சார்."

"கேள்வியில நாற்காலியே இல்லையே. அடுக்க முடியலைன்னா முடியாதுன்னு காட்டணும், அவ்வளவுதான்."

அண்ணி ஏஐ பக்கம் திரும்பினாள். ஓட்டை ஏன் என்று கேட்டால், "அருமையான கவனிப்பு!" என்று அவளையே பாராட்டியது. தப்பு செய்யச் சொன்னபோதும் அதே குழைவு. இதை நம்பிப் பயனில்லை என்று தானே விரல்விட்டு எண்ணினாள். கூட்டமாக இருக்கும் எழுத்து, மற்ற எல்லா எழுத்துகளையும் சேர்த்ததைவிட ஒன்றுக்கு மேல் அதிகமானால் முடியாது. அதைச் சொல்லித் திருத்த வைத்தாள். திரையில் 'முடியாது' என்று வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம்.

"சார், இன்னும் எத்தனை எழுத்து கொடுத்தா முடியும்னும் காட்டட்டுமா? இங்க ஒண்ணு போதும்."

"அதை யாரும் கேட்கலையே."

"கேட்கல சார். மொட்டையா முடியாதுன்னு சொல்ல மனசு வரல."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். அண்ணி மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. நாத்தனார் அண்ணியின் தோளில் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். 'வேலையில் சேரலாம்' என்று கேட்டதும் நாத்தனார்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வேலை கிடைச்சிருச்சுன்னு காலையிலேயே தெரு முழுக்கச் சொல்லிட்டேன். இப்பதான் மூச்சே வருது."